பழைய வாசிகசாலையைத் திருத்தக் காசு சேர்ப்பது எப்படி?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உங்கள் ஊர்ச் சந்தியில் பழைய கல்லுக் கட்டிடம் ஒன்று நிற்கிறது. அப்பப்பா காலத்தில் வழிப்போக்கர் தங்கும் மடம், அப்பா காலத்தில் வாசிகசாலை. சண்டைக் காலத்தில் பூட்டியது, பிறகு திறக்கவே இல்லை. மேற்குப் பக்க ஓடு இறங்கிவிட்டது, சுவரில் ஆலங்கன்று நிற்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் நீங்கள் ஏழு பேர் கூடி, அதைத் திருத்திப் படிப்பறையும் கூட்ட மண்டபமுமாக ஊருக்குக் கொடுக்க நினைக்கிறீர்கள். இணையத்தில் நன்கொடை சேர்க்கும் கோஃபண்ட்மீ தளத்தில் எவ்வளவு தொகை போட்டுத் தொடங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு ஊரிடம் ஒரு சதமும் கேட்காதீர்கள். தென்மராட்சியில் இதுபோல ஒரு கட்டிடத்தின் திருத்த வேலைக்கு ஆறு வருடம் பொருளாளராக இருந்தவன் நான். நாங்கள் காசில் தொடங்கினோம், அதனால் இரண்டு வருடத்தை இழந்தோம். காணியின் உறுதிப் பத்திரம் யாருடையது, மழை எப்படி நிற்கும், திருத்தின பிறகு கதவை யார் திறப்பது என்ற மூன்றுக்கும் பதில் கையில் இருந்தால் காசு தேடி வரும். இல்லாவிட்டால், வந்த காசே உங்கள் ஏழு பேரையும் பிரித்துவிடும்.

உறுதியில் இருந்து தொடங்குவோம். "அது ஊர்ப் பொதுச் சொத்து" என்று எல்லாரும் சொல்லுவார்கள். சொல்லுகிறவர்களில் ஒருவரும் உறுதியைக் கண்டிருக்க மாட்டார்கள். வழக்கமாக நாலில் ஒன்றாக இருக்கும்: யாரோ ஒருவர் தரும சாதனமாக எழுதிவைத்து, அதில் பேர் குறித்த தருமகர்த்தாக்கள் எல்லாரும் இறந்திருப்பார்கள், அல்லது கோயில் காணியில் கட்டியிருப்பார்கள், அல்லது பிரதேச சபையிடம் வந்திருக்கும், அல்லது ஒரு குடும்பத்து முதுசக் காணியில் வாய்ச்சொல்லில் நிற்கும். நாலாவதுதான் கடினம். காணி பிரிபடாமல் கிடக்கும். பங்காளிகள் ஐந்து நாட்டில் இருப்பார்கள்.

உறுதி 1995 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள். நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகும். பக்கத்துக் காணியின் உறுதியில் எல்லை எழுதியிருப்பார்கள்: "வடக்கு எல்லை இன்னாரின் மடத்து வளவு" என்று. எங்களுக்கு உரிமையாளரின் பேர் அப்படித்தான் கிடைத்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பதிவகத்தில் நாலு நாள் தேடினோம்.

பங்காளிகளைக் கண்டுபிடித்தால், தர விரும்புகிறவர்களிடம் நன்கொடை உறுதி எழுதுவியுங்கள். கனடாவில் இருப்பவர் வரத் தேவையில்லை. ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் தனக்காக ஊரில் ஒருவர் ஒப்பமிட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். ஒருவர் தன் பங்கை விலைக்குத் தருவதாக இருந்தால், யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு, அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதை மறக்கவேண்டாம். அதற்கென்றே 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தர மனமில்லை, ஆனால் ஊருக்குப் பயன்படட்டும் என்பவர்களிடம் 30 வருடக் குத்தகை எழுதிப் பதியுங்கள். ஐந்து வருடக் குத்தகையை நம்பி எவரும் பெரிய காசு தரமாட்டார், தரவும் கூடாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கள் கட்டிடத்தில் கூரை ஏறி, கதவு பூட்டி, வெள்ளை அடித்து முடிந்த அடுத்த மாதம் ஒரு பங்காளி வந்து படலையில் தன் பூட்டைப் போட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவரை ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பூட்டுக் கழரப் பதினான்கு மாதம் ஆனது. ஓட்டுக்குக் காசு தந்த மனிசி ஒருவர் அந்தப் படலைக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்ததை நான் கண்டேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் உறுதியைத்தான் கேட்கிறேன்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். கட்டிடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் வந்திருக்கிறதா? வந்திருந்தால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓடு மாற்றுவதும் குற்றம். வராவிட்டாலும் ஒரு கடிதம் எழுதிப் பதில் வாங்கி வையுங்கள். பிறகு வேலையை நிறுத்த வருகிறவர் கையில் அந்தப் பதிலைக் கொடுக்கலாம்.

இனி மழை. வடகீழ்ப் பருவம் ஐப்பசியில் பிடித்தால் மார்கழி வரை விடாது. கூரை திறந்த சுண்ணாம்புச் சுவர் ஒரு மாரியில் இழப்பதை மூன்று வருடக் காசு சேர்ப்பிலும் மீட்க முடியாது. ஆகவே நீங்கள் ஏழு பேரும் முதல் போட வேண்டியது தறப்பாளுக்கும், கமுகஞ்சலாகைக்கும், இரண்டு நாள் கூலிக்கும். பெரிய காசில்லை. இறங்கிய ஓடுகளைக் கழற்றி, உடையாதவற்றைத் துடைத்து உள்ளே அடுக்கி எண்ணி எழுதச் சொல்லுங்கள். பழைய ஓட்டின் அளவுக்குப் புது ஓடு பொருந்தாது. ஒவ்வொரு பழைய ஓடும் காசு. ஆலங்கன்றைப் பிடுங்கவேண்டாம். வேர் கல்லுக்குள் ஓடியிருக்கும். இழுத்தால் கல்லோடு வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைகொல்லி தடவி, வேர் பட்டபிறகுதான் எடுக்கவேண்டும். கன்று நிற்கும் சுவரையும் தறப்பாள் கட்டின கூரையையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு காசு கேட்கப் போகும்போது, "இவங்கள் கதைக்க முதல் செய்தவங்கள்" என்பதற்கு அந்தப் படங்கள்தான் அத்தாட்சி.

பாவனையைப் பற்றி ஊரில் இருப்பவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், கேளுங்கள். படிப்பறை என்று நீங்கள் ரொறன்ரோவில் இருந்து முடிவெடுத்திருக்கிறீர்கள். எங்களுக்கும் அந்த ஆசைதான் இருந்தது. மாதர் சங்கத்தைக் கேட்டபோது அவர்கள் சொன்னது வேறு: மருத்துவ மாதுவின் கிளினிக்குக்கு மாதம் ஒருநாள் நிழலான இடமில்லை, கர்ப்பிணிகள் மரத்தடியில் நிற்கிறார்கள்; பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க இரவில் வெளிச்சமான இடமில்லை; தையல் வகுப்புக்கு மேசை போட இடமில்லை. பேப்பர் வாசிக்க ஆட்கள் குறைவு, எல்லாம் கைபேசியில் வந்துவிட்டது. நாங்கள் நடு மண்டபத்தைப் பெரிதாக விட்டோம், வாசிகசாலையை முன் விறாந்தைக்கு மாற்றினோம், பின்பக்கம் தண்ணீரும் கழிப்பறையும் வைத்தோம். கழிப்பறை இல்லாத மண்டபத்துக்குப் பெண்கள் வரமாட்டார்கள். அது முதல் வரைபடத்தில் இருக்கவே இல்லை.

திறக்கிறவர் யார் என்பதும் இதற்குள்தான். திறப்பு ஒருவர் கையில், மின்கட்டணம் ஒருவர் தலையில், வருடத்துக்கு ஒருமுறை ஓடு மாற்றுவது யாரோ ஒருவர் தயவில் என்றால் பத்து வருடத்தில் இன்னொரு தம்பி இதே கேள்வியைக் கேட்பார். சேர்கிற காசில் ஒரு பங்கைத் தொடாமல் நிலையான வைப்பில் போட்டு, அதன் வட்டியில் பராமரிப்பு நடக்கும்படி தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். முன்பக்க அறை ஒன்றை வாடகைக்கு விடலாம். தேநீர்க் கடையோ தையல் கடையோ இருந்தால் ஆள் நடமாட்டமும் இருக்கும். பூட்டிக் கிடக்கிற கட்டிடத்தைத்தான் கறையான் தின்னும்.

அடுத்தது மதிப்பீடு. ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு போய் "எவ்வளவு முடியும்" என்று கேட்டு அந்த எண்ணைப் போடாதீர்கள். முதலில் கட்டிடத்தை அளந்து வரைபடம் கீறவேண்டும். எந்தச் சுவர், எந்தக் கூரை வளை, எத்தனை யன்னல், எது இருக்கலாம், எது மாறவேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதவேண்டும். பழைய கட்டிடங்களில் பழகிய கட்டிடக் கலைஞர் ஒருவருக்கு இரண்டு நாள் சம்பளம் கொடுப்பது நட்டமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கும் பிள்ளைகள் அளக்க உதவக்கூடும், கேட்டுப் பாருங்கள். பழைய படங்கள், வாசிகசாலையின் ஆண்டு மலர் ஏதும் இருக்கிறதா என்று நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் தேடுங்கள். எங்கள் கட்டிடத்தின் முன் விறாந்தையில் ஆறு தூண் இருந்ததை ஒரு பழைய விழா மலரின் மங்கல் படத்தில்தான் கண்டோம், நாலுதான் மிஞ்சியிருந்தது.

வேலையைக் கட்டமாகப் பிரியுங்கள்: கூரை, சுவர், நிலமும் கதவும், தண்ணீரும் மின்சாரமும். ஒவ்வொரு கட்டமும் தன்னளவில் முடிந்து நிற்கவேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய மாதங்களை நினையுங்கள். அந்த வருடம் ஒரே மூச்சில் எல்லாத்தையும் உடைத்துத் தொடங்கின எத்தனையோ வேலைகள் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. பழைய கட்டிடத்தில் சுவரைக் கிண்டினால்தான் உள்ளே இருப்பது தெரியும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென்று வெளிப்படையாகவே எழுதுங்கள்.

சீமெந்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. காசு தருகிறவரோடு நீங்கள் படப்போகும் முதல் சண்டை அதுதான். எங்களுக்குப் பெரிய தொகை தந்த ஒருவர், சுண்ணாம்பு பழைய முறை, சீமெந்து பூசினால் உறுதி என்று நின்றார். வடக்குச் சுவரை அவர் சொன்னபடியே பூசினோம். முதல் வருடம் வழுவழுவென்று வடிவாக இருந்தது. இரண்டாம் மாரி கழிந்ததும் இடுப்புயரத்துக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் ஒலிக்கும். சொண்டு சொண்டாகக் கழன்று விழுந்தது, கூடவே பின்னால் இருந்த கல்லின் முகமும் மாவாகக் கொட்டியது. எங்கள் சுண்ணாம்புக் கல்லும் முருகைக்கல்லும் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிறவை. சுண்ணாம்புச் சாந்து அதற்கு வழி விடும். சீமெந்து அடைத்துவிடும், ஈரம் போக வழியில்லாமல் உப்போடு கல்லுக்குள்ளேயே நிற்கும். அந்தச் சுவரைக் கொத்தி எடுத்துத் திரும்பச் சுண்ணாம்பு பூச முதற்செலவைப்போல இரண்டு மடங்கு போனது. சுண்ணாம்பை நீற்றிக் குழியில் கிழமைக் கணக்கில் ஊறவிடவேண்டும், மெல்லிய பூச்சாகப் பூசி நனைத்த சாக்குக் கட்டிக் காயவிடவேண்டும். பொறுமைதான் அதற்குச் செலவு. இந்த வேலை தெரிந்த கைகள் நம் பக்கத்தில் குறைந்துவிட்டன. கிடைக்கிற ஒரு முதிய மேசனோடு இரண்டு இளைஞரை நிறுத்துங்கள், அவர்களின் கூலியையும் மதிப்பீட்டில் போடுங்கள்.

இப்போது காசு.

ஊரில் இருந்து தொடங்குங்கள், தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும். நம் சனம் கல்விக்குப் பிடியரிசி சேர்த்த சனம். ஒவ்வொரு நாளும் உலையில் போட முன்னர் ஒரு பிடியைத் தனியே வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தியது நம் கிழவிகளின் கை. யாழ்ப்பாணப் பொது நூலகமும் மாளிகையாகத் தொடங்கவில்லை. க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டில் வைத்துத் தொடங்கிய முயற்சி, அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு நூலகமானது. இப்போதுள்ள கட்டிடம் திறந்தது 1959இல். 1981இல் எரிந்தபோது அதில் ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன.

ஊர்க்காரர் எல்லாரிடமும் ரொக்கம் இருக்காது. எங்களுக்கு ஒரு அம்மா, தன் இடிந்த குசினியின் இரண்டு பனை வளைகளைத் தந்தார். அறுபது எழுபது வருடம் அடுப்புப் புகை குடித்துக் கறுத்த வைரமான வளைகள். புதிதாகத் தேடினால் அனுமதி எடுத்துப் பனை தறித்து, முற்றின மரமாகப் பார்த்து அறுக்கவேண்டும். வாகனம் வைத்திருந்தவர் நாலு லோட் மணல் பறித்தார். இவற்றை எல்லாம் சந்தை விலைக்கு மதித்துப் பற்றுச்சீட்டு எழுதுங்கள். புலம்பெயர்ந்தவர்களிடம் போகும்போது "ஊர் இவ்வளவு தந்துவிட்டது" என்று அந்தப் புத்தகத்தைக் காட்டலாம். அதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியாது.

வெளிநாட்டில் கேட்கும்போது "ஒரு கோடி தேவை" என்று கேட்காதீர்கள். அது ஒருவருடைய மனத்திலும் ஒட்டாது. நூறு ஓடு, ஒரு சோடி வளை, ஒரு யன்னல், ஒரு தூண் என்று கேளுங்கள். நம் குடும்பங்கள் தாய் தகப்பனின் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்ற நினைவு மலர் அடிக்கும், ஆட்டத்திவசத்துக்கு அன்னதானம் கொடுக்கும். அந்த நாளில், "உங்கள் அம்மா இந்த வாசிகசாலையில் படித்தவர், அவர் நினைவாக இந்த யன்னலைத் தருகிறீர்களா?" என்று அமைதியாகக் கேட்கலாம். தந்தவருக்கு அந்த யன்னலின் படத்தை, கழற்றும்போதும் பூட்டும்போதும், அனுப்புங்கள். ஆனால் சுவரெல்லாம் பேர்ப்பலகை ஆகவிடாதீர்கள். ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில், ஐநூறு ரூபா தந்தவரும் ஐந்து இலட்சம் தந்தவரும் அகரவரிசையில் இருக்கட்டும். இதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதுங்கள். பெரிய காசு வந்தபிறகு எழுத முடியாது.

கோஃபண்ட்மீயில் இலங்கை வங்கிக்கு நேரே காசு எடுக்க முடியாது. ஒருவர் கனடாவில் தன் பேரில் எடுத்து அனுப்பவேண்டும். அந்த ஒருவர் நல்லவராகவே இருந்தாலும் ஊர் கதைக்கும். ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ கனடாவில் முறையான அறக்கொடை நிறுவனமாகப் பதிந்திருந்தால் அதன் வழியே செய்யுங்கள். அப்போதுதான் தருகிறவருக்கு வரிப் பற்றுச்சீட்டுக் கிடைக்கும். இலாப நோக்கற்ற சங்கம் என்ற பதிவு மட்டும் அதற்குப் போதாது. இலண்டனில் உறவுகள் இருந்தால், அங்கு வரி கட்டுகிறவர் அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்கு 100 பவுண் தந்தால் கிஃப்ட் எய்ட் முறையில் அரசு இன்னும் 25 பவுண் சேர்க்கும். இதைக் கேட்டு வாங்காமல் விடுகிற சங்கங்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. ஊர்ப் பக்கத்தில் குழுவைப் பிரதேச செயலகத்தில் பதிந்து, மூன்று பேரில் இருவர் ஒப்பமிடும் கணக்குத் திறவுங்கள். மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. மாதம் ஒருமுறை வரவு செலவைச் சந்தியில் பலகையில் ஒட்டுங்கள், சிறு தொகையானாலும். எங்கள் பலகையில் "ஆணி 2 கிலோ" என்று எழுதியதை நின்று வாசித்துவிட்டுப் போய், அடுத்த கிழமை ஆணி வாங்கித் தந்தவர் இருக்கிறார்.

அரசாங்கக் காசை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பிரதேச சபை, மாகாண அமைச்சு, பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி எல்லாவற்றுக்கும் எழுதுங்கள். ஆனால் அந்தக் காசு டிசெம்பர் 31க்குள் செலவாக வேண்டும். பெரும்பாலும் மாரி தொடங்கும்போதுதான் கைக்கு வரும். மழையில் சுண்ணாம்பு பூச முடியாது. அதனால் அதைக் கதவு, மின்இணைப்பு, தளபாடம் போன்றவற்றுக்குக் கேளுங்கள். தூதரகங்களை நம்பி இருக்கவேண்டாம். யாழ்ப்பாணக் கோட்டைக்கு நெதர்லாந்து அரசு உதவியது. சந்தியில் நிற்கும் மடத்துக்கு அப்படி ஒருவரும் தானாக வரமாட்டார். வரைபடமும் உறுதியும் ஒரு வருடக் கணக்கும் கையில் இருந்தால் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நம் பழைய மடங்களின் திண்ணைகளில் எல்லாரும் ஏறி இருக்கவில்லை. பருத்தித்துறைத் தெருமூடி மடம்போலத் தெருவுக்கே நிழல் கொடுத்துக் கட்டின அதே சமூகத்தில்தான், 1960களில் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போக, சாதியால் ஒதுக்கப்பட்ட சனம் போராட வேண்டியிருந்தது. உங்கள் கட்டிடத்தின் கதை எப்படியென்று அடுத்த குறிச்சியின் முதியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் ஏற முடியாத திண்ணையாக அது இருந்திருந்தால், வெறும் அழைப்பிதழ் கொடுத்து அதைச் சரிக்கட்ட முடியாது. குழுவில் அவர்களுக்கு இடம் கொடுங்கள், இரண்டு திறப்பில் ஒன்று அவர்கள் கையில் இருக்கட்டும். எல்லாருக்கும் பொது என்று உறுதியிலேயே ஒரு வாசகம் எழுதுவியுங்கள். இதற்கு உடன்படாத ஒருவர் பெரிய தொகையோடு வந்தால் அந்தத் தொகை இல்லாமலே கட்டலாம்.

திறப்பு விழா யார் கையால் என்பதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திருத்தி முடித்து, 2003 பெப்ரவரியில் வைத்த திறப்பு விழாவே தகராறாகி நின்றுபோனது. எங்கள் ஊரில் முன்னாள் வாசிகசாலைப் பொறுப்பாளர் ஒருவர் எண்பத்தெட்டு வயதில் இருந்தார்; பழைய இரும்புத் திறப்பை அதுவரை ஒரு மாத்திரைப் போத்தலில் போட்டு வைத்திருந்தார். அவரே திறக்கட்டும் என்றதும் ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வரும் நாட்களில் அவர்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டலாம். அதற்கு முன் தறப்பாள் கட்டியிருக்க வேண்டும். உங்களில் ஒருவராவது இந்த முறை வந்து, பதிவகத்துக்குப் போக ஒரு கிழமையை ஒதுக்குங்கள். பக்கத்து வளவுகளின் உறுதிகளைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வாருங்கள், எல்லைகள் எழுதிய அந்த அட்டவணைப் பகுதிதான் முக்கியம். உறுதி இலக்கம் கிடைத்ததும் எழுதுங்கள், மதிப்பீட்டைச் சேர்ந்து பார்ப்போம்.